பிராதின் பின்பக்கம்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் ஸ்டேஷனரிக் கடைக்காரியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் எங்கள் கடை வாசலில் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. என் ஒரு கையில் பிரவுன் ஷீட் சுருள், இன்னொரு கையில் கத்தரிக்கோல், பல்லுக்கு நடுவே ஒரு பேனா மூடி. என் வீட்டுக்காரர் காதர் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நின்று, ஆதார் கார்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று ஒரு பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மழை வரும்போல் புழுக்கம். புது நோட்டு வாசனையும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அது எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு மட்டும்தான் பிடிக்கும்.

அப்போது கண்ணாடி மேஜைமேல் தொம்மென்று ஒரு பலாப்பழம் வந்து உட்கார்ந்தது.

“இன்னாங்க இது! கண்ணாடி ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?”

“ஒடையாதுங்கம்மா. சின்னப் பழந்தான்,” என்றார் கொண்டுவந்தவர். நாற்பது வயது இருக்கும். தோளில் துண்டு, காலெல்லாம் செம்மண். “மலையிலேர்ந்து வரேங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட. பேரு வெள்ளையன். புக்கு எழுதற சம்சாத்தம்மா நீங்கதான?”

“ஆமா. நோட்டு வேணுமா?”

“நோட்டு இல்லீங்க. எம்பொண்ணு ஆட்டத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

பேனா மூடி வாயிலிருந்து விழுந்துவிட்டது. “கறிக்கடை பக்கத்துச் சந்துல இருக்குங்க. இது நோட்டுக்கடை,” என்றேன்.

“அந்த ஆடு இல்லீங்கம்மா. ஜாஸ்தி.”

பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாக்களின் இடுப்பு உயரத்தில் நின்ற நாலைந்து தலைகள் மட்டும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. அதில் முன்பல் விழுந்த ஒன்று கேட்டது.

“ஆமாக்கா, ஜாஸ்திய இன்னா பண்ணீங்க?”

ஜாஸ்தி யார்?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ்தி ஒரு வெள்ளாடு. நிஜ ஆடு இல்லை. நான் எழுதும் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களில் வரும் ஆடு. தையல்காரி பச்சையம்மா வளர்க்கிறாள். தின்பது ஜாஸ்தி, கத்துவது ஜாஸ்தி, அதனால் பேரும் அதுவே ஆகிவிட்டது.

முதல் புத்தகத்தில் ஜாஸ்தி பஸ் ஏறியது. இரண்டாவதில் கல்யாண வீட்டு வாழைமரத்தைத் தின்றது, அதற்காகக் கட்டிப்போட்ட கயிற்றையும் தின்றது. மூன்றாவதில் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த அன்று வகுப்புக்குள் புகுந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் கத்தியது. நாலாவதில் ஓட்டு கேட்டு வந்தவரின் மாலையைக் கழுத்தில் இருக்கும்போதே மென்றது.

நாற்பது பக்கம், ஏழு அத்தியாயம், பக்கத்துக்கு ஒரு படம். படம் போட்டவர் சங்கராபுரத்தில் கடை போர்டு எழுதும் மணி அண்ணன். அதுவரை அவர் வரைந்ததெல்லாம் தலைவர்கள் படம். அதனாலோ என்னவோ, முதல் புத்தகத்தின் அட்டையில் ஜாஸ்தி முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டபடி நிற்கும். மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் ரொம்பப் பிடித்தது.

படிக்காதவள் எழுத வந்தது

எனக்குச் சின்ன வயதில் படிப்பது பிடிக்காது. பிடிக்காது என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். டீச்சருக்கு அந்த வயிற்றுவலி மனப்பாடம். “சம்சாத், உக்காரு, உனக்கு வலிக்கும்,” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அத்தா வைத்த கடைதான் இது. கடை முழுக்கத் தாள். அதில் எனக்குப் பிடித்ததெல்லாம் எழுதாத தாள் மட்டும்தான். எழுதின தாளைக் கண்டால் எழுந்து ஓடுவேன்.

அப்படிப்பட்டவள் கடைக்கு ஒருநாள் ஓர் அம்மா தன் பையனை இழுத்துக்கொண்டு வந்தார். கதைப் புத்தகம் வேண்டுமாம். நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சூடான தோசைக்கல்லை வைப்பதுபோல மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசிப் பக்க எண்ணைப் பார்க்கிற ஜாதி நானும்தான். இத்தனை வருஷம் கழித்து என் சொந்தக்காரன் ஒருவனைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில், பில் புக்கின் பின்பக்கத்தில் ஓர் ஆட்டை எழுத ஆரம்பித்தேன்.

கம்மர்கட்டுச் சோதனை

நான் எப்படி எழுதுகிறேன் என்று யாராவது கேட்டால் கம்மர்கட்டு மிட்டாய் டப்பாவைக் காட்டுவேன்.

ஓர் அத்தியாயம் எழுதி முடித்ததும் கடைக்கு வரும் பிள்ளை ஒன்றைப் பிடித்து உட்கார வைப்பேன். வாய்க்கு ஒரு கம்மர்கட்டு, கைக்கு ஒரு தாள். அது கரைவதற்குள் அத்தியாயம் முடிய வேண்டும். இது முதல் விதி. இரண்டாவது விதிதான் முக்கியம். கதை நன்றாகப் போனால் பிள்ளை கம்மர்கட்டை மறந்துவிடும், அது கன்னத்தில் உப்பிக்கொண்டு சும்மா கிடக்கும். கதை போரடித்தால் கடக்கென்று கடிக்கும். அந்தச் சத்தம் வந்த வரியில் நான் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். அந்த வரி போச்சு.

ஒரு தடவை கதை முழுக்கக் கடித்துக்கொண்டே இருந்தது ஒரு பெண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பசி.

இப்படிச் சோதித்துச் சோதித்து நாலு புத்தகம் வந்தது. படிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்று அம்மாக்களும் டீச்சர்களும் கைவிட்ட பிள்ளைகளுக்குத்தான் அவை போய்ச் சேர்ந்தன. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். யார் கண் பட்டதோ, எனக்கு இலக்கிய ஆசை வந்துவிட்டது.

இலக்கியம் வந்த வழி

ஒரு புத்தகக் கண்காட்சியில் ஜிப்பா போட்ட ஒருவர் என் மேஜை முன்னால் நின்று நாலு புத்தகத்தையும் புரட்டினார். கும்பிடும் ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கொழந்தைகளுக்கு எழுதறது சரிம்மா. சீரியஸா எப்ப எழுதப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு, எதையும் வாங்காமல் போய்விட்டார்.

அந்தக் கேள்வி பல்லிடுக்கில் கறி நார் மாட்டினதுபோல மாட்டிக்கொண்டது. நாக்கு அங்கேயே போகிறது, எடுக்கவும் வரவில்லை.

ஐந்தாவது புத்தகத்தை அந்த நாரோடுதான் எழுதினேன். ‘ஜாஸ்தி சந்தைக்குப் போகுது’. பச்சையம்மாவுக்குக் கஷ்டம், ஆட்டைச் சந்தையில் விற்கிறாள். லாரியில் ஏற்றிக் கயிற்றால் கட்டுகிறார்கள். கடைசி வரிகள் இவை: ‘லாரி கிளம்பியது. ஜாஸ்தி திரும்பிப் பார்த்தது. கத்தவே இல்லை. புழுதி மெல்ல அடங்கியது.’

எழுதிவிட்டு நானே அழுதேன். என்ன அழகு, என்ன மௌனம்! இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் கம்மர்கட்டுச் சோதனை வைக்கவில்லை. இலக்கியத்துக்குப் போய்க் கம்மர்கட்டா என்று ஒரு மிதப்பு. ‘இத்தோடு ஜாஸ்தி கதைகள் முடிந்தன’ என்று கீழே போடச் சொல்லிப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.

சந்தையில் லாரி ஏறும் ஆடு எங்கே போகும் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாதா? எனக்குத்தான் தோன்றவில்லை. காதருக்குக்கூடத் தோன்றியது. “வாராவாரம் கறி வாங்கற வூடு நம்மளுது. ஆனாலும் இந்த ஆட்ட நீ அனுப்பியிருக்கக் கூடாது சம்சாத்,” என்றார். நான் அவரைப் பார்த்து இலக்கியமாகச் சிரித்தேன்.

முன்பக்கம் பலா, பின்பக்கம் ஆடு

இப்போது மறுபடியும் பலாப்பழத்துக்கு வருவோம்.

வெள்ளையனை ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ வரவழைத்தோம். அவர் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

அவருக்கும் அவர் அண்ணனுக்கும் நடு வேலியில் ஒரு பலா மரம். காய்க்கிறதையெல்லாம் அண்ணனே இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டதில் வாய்த்தகராறு வந்து, நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கோடையில் சின்னப் பையனுக்குக் காது குத்த, மனைவியின் ஊரான திருநாவலூர்ப் பக்கம் போயிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “போய்ப் பிராது கட்டிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக: விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. மனுஷர்களிடம் சொல்லித் தீராத குறையை அங்கே ஒரு வெள்ளைத் தாளில் மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, சுருட்டி நூல் சுற்றி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். அதுதான் பிராது. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ப்பு வந்ததும் மறக்காமல் போய், பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று இன்னொரு தாளும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் கடைக்கே அதற்குத் தாள் வாங்க ஆள் வருவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் காதர் எழுதிக் கொடுப்பார். அவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

“எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் எழுத வராதுங்க,” என்றார் வெள்ளையன். “அதான் எம்பொண்ண எழுதச் சொன்னேன். அது பேரும் கொளஞ்சிதான். சாமி பேரே அதுக்கு வெச்சிருக்கறதால உரிமையா எழுதும்னு நெனச்சேன். அதுவும் எழுதுது எழுதுது, தாளத் திருப்பிப் பின்னாலயும் எழுதுது. அடேயப்பா, மரத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.”

பிராது கட்டின சேதி மலைக்குப் போனதும் அண்ணன் ஆடிப்போய்விட்டார். ஆளை விட்டுப் பாதிக் காயைக் கொடுத்தனுப்பிவிட்டார். பேச்சு மட்டும் இன்னும் இல்லை. கேட்டது காய்தானே, காய் வந்துவிட்டது, வா வாபஸ் வாங்கிக்கொண்டு வரலாம் என்று வெள்ளையன் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

“அது இன்னா சொல்லுதுங்கறீங்க? ‘முன்பக்கந்தாம்ப்பா முடிஞ்சிது. பின்பக்கம் முடியல’ங்குது.”

பின்பக்கத்தில் இருந்தது மரம் இல்லை. மகள் அப்பாவிடம் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார்: ‘கள்ளக்குறிச்சி சம்சாத் அக்கா ஜாஸ்தியை லாரியில் ஏற்றிவிட்டார். அதை அவர் திருப்பித் தர வேண்டும். தரும் வரை நான் எந்தப் புத்தகமும் படிக்க மாட்டேன்.’

“படிப்புன்னாலே ஓடற பொண்ணுங்க அது. டீச்சரம்மா உங்க ஆட்டு புக்கக் குடுத்த பெறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சுது. இப்ப பாட புக்கக்கூடத் தொட மாட்டேங்குது. கேட்டா சாமிக்கு வாக்குக் குடுத்துட்டேங்குது. ஆறாவது போவணுங்க அது. வாபஸ் வாங்காம உட்டாலும் குத்தம். ஒரே தாளுல எழுதினத பாதி எப்டிங்க வாபஸ் வாங்கறது?”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. ஜெராக்ஸ் மெஷின் நின்றுபோய் இருந்தது. திரும்பிப் பார்த்தால் காதர் முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

“பிராதா? உம்மேலயா?”

“நம்ம மேல எல்லாம் செல்லுமாங்க?”

“வழக்குன்னா வழக்குதான். எந்தக் கோர்ட்டா இருந்தா இன்னா? இந்தக் கையால எத்தன பிராது எழுதியிருக்கேன், ஒண்ணுகூடத் தோத்ததில்ல. போய் சமாதானம் பேசு சம்சாத்.”

அவர் பயந்தது பிராதுக்கு. என்னை உறுத்தியது வேறு. புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்த ஒரு பிள்ளை, என்னால் திரும்பி ஓடியிருக்கிறது. வயிற்றுவலி வந்தவள் எனக்கு அதைவிடப் பெரிய குற்றம் வேறென்ன இருக்க முடியும்? சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

குறுக்கு விசாரணை

ஞாயிற்றுக்கிழமை காதரின் வண்டியில் மலை ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பின்னால் உட்கார்ந்து சமாதானப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மடியில் கம்மர்கட்டு டப்பா.

கொளஞ்சி ஒல்லியாக, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, வீட்டு முன்னால் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னாள். மரியாதையில் குறை இல்லை. வழக்கு வேறு, மரியாதை வேறு.

கம்மர்கட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“லாரி எங்க போச்சு?” என்று கேட்டாள்.

“தெரியலையேம்மா.”

“நீங்கதான எழுதுனீங்க?”

“நாந்தான்.”

“எழுதுனவங்களுக்கே தெரியாதா?”

காதர் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எனக்கு உதவி வரப்போவதில்லை என்று புரிந்தது. சில கதைகளில் முடிவைச் சொல்லாமல் விடுவதுதான் அழகு, அதை வாசகர்கள் தங்கள் மனசுக்குள்ளேயே முடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரிந்த இலக்கியத்தையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

“நான் முடிச்சுப் பாத்தேன்,” என்றாள் கொளஞ்சி. “கறிக்கடையிலதான் முடியுது.”

மாட்டுக் கொட்டகை ஓரமாக ஒரு முளைக்குச்சி இருந்தது. அதில் அறுந்த கயிறு ஒரு முழம் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“கருப்பியோடது. போன தீபாளிக்கு வித்துட்டோம். துணி எடுக்கணும், நோட்டு வாங்கணும், விக்கத்தான் வேணும். போனா வராது, அது எனக்குத் தெரியும்.” கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். “ஜாஸ்தி புக்கு ஆடுதான? புக்குலகூடவா வராது?”

அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கருப்பியை விற்று வாங்கிய நோட்டு எங்கள் கடை நோட்டாகக்கூட இருக்கலாம்.

அதற்குள் அவள் வீட்டுக்குள் போய் ஐந்து புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். படிக்க மாட்டேன் என்றுதான் சாமிக்கு வாக்கு, திறக்க மாட்டேன் என்று இல்லையாம். படத்தை மட்டும் காட்டிக் காட்டிக் கேட்டாள்.

“ரெண்டாவது புக்குல கவுறக் கடிச்சித் தின்னுச்சா இல்லியா?”

“தின்னுச்சு.”

“இதுல ஏன் கடிக்கல?”

“அது வந்தும்மா...”

“மூணாவதுல இன்ஸ்பெக்சன் சார் முன்னாடியே கத்துச்சு. இதுல லாரியில ஏத்தறாங்க, கத்தவே இல்லன்னு போட்டிருக்கீங்க. ஜாஸ்தி கத்தாம இருக்குமா?”

நான் எழுதி அழுத வரி அது. என் மௌனம், என் இலக்கியம்! இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் அதைக் கடக்கென்று கடித்துத் துப்பிவிட்டாள்.

“கவுறும் கடிக்கல, கத்தவும் இல்ல,” என்று கொளஞ்சி தீர்ப்புச் சொன்னாள். “அது ஜாஸ்தியே இல்ல. லாரியில போனது வேற ஆடு. நீங்கதான் சரியாப் பாக்கல.”

நான் கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குள் என்னமோ திறந்துகொண்டது. ஆமாம், வேறு ஆடுதான்! என் ஆட்டை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி மலைமேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஜிப்பாக்காரர் பேச்சைக் கேட்டு ஆட்டை விற்றிருக்கிறேன்.

“அப்ப ஜாஸ்தி எங்க?” என்று கேட்டேன், நிஜமாகவே தெரியாமல்.

“சந்தையில பூசணிக்காய்க் கடைக்குப் பின்னால இருக்கும். தின்னுக்கினு.”

“சரி. கண்டுபுடிச்சுடலாம். வழக்கு முடிஞ்சிதா?”

கொளஞ்சி தலையை ஆட்டினாள், இல்லை என்று. “லாரியில போன ஆடு? அதுவும் வரணும்.”

பஸ்ஸில் ஏறிய அத்தியாயங்கள்

ஆறாவது புத்தகம் போல எதையும் நான் சிரித்துச் சிரித்து எழுதியதில்லை. ‘ஜாஸ்தி லாரியைத் துரத்துது’. கரும்பு டிராக்டரில் தொற்றி, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வரிசையில் மாட்டி, போகிற வழியெல்லாம் கரும்பைத் தின்று, கத்திக் கத்தி லாரியை நிறுத்துகிறது. லாரியில் இருக்கும் கத்தத் தெரியாத ஆட்டின் கயிற்றைக் கடித்து, அதைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. அந்த ஆட்டின் நிறம் கறுப்பு.

அத்தியாயம் அத்தியாயமாக வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். கூடவே உறையில் ஒரு கம்மர்கட்டும், அதைக் கடிக்கத் தோன்றும் வரியில் குறித்து அனுப்பச் சொல்லி ஒரு சீட்டும். படிக்க மாட்டேன் என்ற வாக்கை என்ன செய்வது என்று கொளஞ்சிக்கு ஒரு குழப்பம் வந்திருக்கிறது. ஆட்டைத் திருப்பிக் கொடுக்கிற காகிதம் இது, இதைப் படித்தால்தானே கொடுத்தார்களா என்று தெரியும் என்று காதர் சட்டம் பேசி அனுப்பினார். அவள் ஏற்றுக்கொண்டாள்.

தாள்கள் சாயங்கால பஸ்ஸில் பென்சில் குறிப்போடு திரும்பி வரும். ‘இங்கே கடித்துவிட்டேன்.’ ‘இங்கேயும் கடித்துவிட்டேன்.’ ஐந்தாவது அத்தியாயத்துக்கு வந்த குறிப்பு இது: ‘கம்மர்கட்டு சட்டையில் விழுந்துவிட்டது. சிரித்ததால்.’ அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தாளைக் காட்டினேன். ஒருவரிடம் இரண்டு தடவை காட்டிவிட்டேனாம்.

புத்தகமாக வந்தால்தான் வாபஸ் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பதிப்பாளர் அச்சடிக்க நாளாகும். காதர் எங்கள் மெஷினிலேயே இருபது பிரதி எடுத்து, மணி அண்ணன் போட்ட அட்டையை வைத்து, பின் அடித்தார். அட்டையில் இப்போது இரண்டு ஆடுகள். இரண்டும் கும்பிடுகின்றன.

வாபஸ்

கோயிலுக்கு எல்லோருமாக ஒரே பஸ்ஸில்தான் போனோம். வெள்ளையன், அவர் மனைவி, காது குத்திய பையன், கொளஞ்சி, நாங்கள் இருவர். ஆச்சரியம் என்னவென்றால் வெள்ளையனின் அண்ணனும் வந்திருந்தார். தம்பிக்கு மூன்று சீட் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நானும் காதரும் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டோம். கொளஞ்சி படியில் உட்கார்ந்து வாபஸ் தாளை எழுதினாள். எழுதி முடித்ததும் வெள்ளையன் அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“போன தபா மாதிரி ஆயிடப் போவுது. ரெண்டு பக்கமும் படிச்சுச் சொல்லிடுங்கம்மா.”

முன்பக்கம் பலா மரம், அழகாக நாலு வரி. திருப்பினேன். ‘சம்சாத் அக்கா ஜாஸ்தியைக் கொடுத்துவிட்டார். கூட இன்னொரு ஆட்டையும் கொடுத்துவிட்டார். இவர் மேல் எனக்கு வழக்கு இல்லை. மறுபடியும் விற்றால் மறுபடியும் வருவேன். இப்படிக்கு, கொளஞ்சி, ஆறாம் வகுப்பு.’

எனக்கு இதுவரை ஒரு பரிசும் கிடைத்ததில்லை. அந்தத் தாளை விட மனசே வரவில்லை. “கொளஞ்சி, சாமிகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். தொழில் புத்தி எங்கே போகும்?

“சாமிக்குக் குடுக்கறத ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது,” என்றாள். என் முகம் வாடியதைப் பார்த்திருப்பாள். “உங்களுக்குத் தனியா எழுதித் தரேன்.”

அவர்கள் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்த பிறகு, படிப்பு என்றாலே ஓடிய அந்தப் பெண், வெயிலில் அதே படியில் உட்கார்ந்து எனக்காக இன்னொரு தாள் எழுதினாள். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. அவளுடைய பெரியப்பா அதற்குள் பலாப்பழத்தைப் பிளந்திருந்தார். ஒரு சுளையை எடுத்துத் தம்பியிடம் பேசாமல் நீட்டினார். வெள்ளையன் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

“இது எப்பலேர்ந்து?” என்று வெள்ளையன் மனைவியிடம் கேட்டேன். “பொண்ணுகிட்ட கேளுங்க, அதான் பஞ்சாயத்து,” என்று சிரித்தார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. தாளைக் கையில் கொடுத்தாள். சாமிக்கு எழுதியதெல்லாம் அதில் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக மூன்று வரி.

‘இந்தப் புத்தகத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் மரத்தைப் பார்ப்பதுபோல நின்று கேட்டார். அவருக்கும் கேட்கட்டும் என்று நான் சத்தமாகப் படித்தேன்.’